தொட்டுப் பார்க்கும் கருவி: அணுவிசை நுண்ணோக்கி பற்றி நம் டெல்டாப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அணுவிசை நுண்ணோக்கியை இயக்குவது என் வேலை. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் சாம்பிளோடு வருகிறார்கள். ரைஸ்மில் நடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள். வயல் மண்ணைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு விவசாயிகளும் வந்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பஸ் ஏறுவதற்கு முன் படித்துவிட்டால் உங்களுக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும்.

அணுவிசை நுண்ணோக்கி என்றால் என்ன?

தமிழில் நாம் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. தொட்டுப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், ருசித்துப் பார்க்கிறோம். இந்தக் கருவி தொட்டுப் பார்க்கிற வகையைச் சேர்ந்தது. பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் இதில் வேலை செய்வதில்லை. மிக நுண்ணிய ஊசி ஒன்று பொருளின் மேல் வரி வரியாகத் தடவிக்கொண்டு போகிறது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று குறித்துக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கைக் கணினி படமாக வரைகிறது. படத்தில் தெரியும் பொன்னிறமும் பழுப்பும் நாம் கொடுத்த நிறங்கள். வெளிர் என்றால் மேடு, கருமை என்றால் பள்ளம், அவ்வளவுதான்.

கண்புரை வந்த பிறகும் என் பாட்டி முறத்தில் அரிசியைப் பரப்பி விரலாலேயே கல் பொறுக்குவார். ஒரு கல் தப்பாது. இந்தக் கருவியின் அடிப்படையும் அதுதான்.

ஆய்வுக்கூடங்களில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. Atomic Force Microscope என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஏ.எஃப்.எம். என்றுதான் சொல்வோம்.

நானோமீட்டர் என்கிறார்கள். அது எவ்வளவு சின்னது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் ஒரு பங்கு. உங்கள் விரல் நகம் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளர்கிறது. இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து நானோமீட்டர் வளர்ந்திருக்கும். அந்த அளவு உயர வித்தியாசத்தை இந்தக் கருவி சாதாரணமாக அளக்கும். அதில் பத்தில் ஒரு பங்கையும் அளக்கும்.

அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது?

ஊசி ஒரு மெல்லிய பட்டையின் நுனியில் இருக்கிறது. பட்டை சிலிக்கானால் அல்லது சிலிக்கான் நைட்ரைடால் ஆனது. அதற்குக் கான்டிலீவர் என்று பெயர். ஒரு முனை மட்டும் பிடிப்பில் இருக்கும், மறுமுனை அந்தரத்தில் இருக்கும். வாய்க்கால் மேல் சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் தென்னையின் நுனியில் ஒரு பையன் ஏறினால் மரம் கொஞ்சம் தாழுமே, அதே மாதிரிதான் இதுவும் வளைகிறது. நீளம் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் ஆயிரம் நானோமீட்டர்), அதாவது தலைமுடித் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஊசியின் கூர்முனை ஏறக்குறைய 10 நானோமீட்டர் ஆரம் கொண்டது.

ஊசி மேட்டில் ஏறும்போது பட்டை வளைகிறது. அந்த வளைவைக் கண்ணால் பார்க்கவே முடியாது. அதனால் பட்டையின் முதுகில் ஒரு லேசர் கதிரை விழச் செய்கிறோம். அது தெறித்துத் தொலைவில் இருக்கும் ஓர் ஒளியுணரியில் விழுகிறது. உணரி நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. பட்டை துளி வளைந்தாலும் லேசர் புள்ளி மேல் கட்டத்திலிருந்து கீழ்க் கட்டத்துக்கு நகரும். கையில் கண்ணாடித் துண்டை வைத்துச் சுவரில் வெயில் அடிக்கச் செய்யும் குழந்தைகளுக்கு இது நன்றாகத் தெரியும். கை அரைச் சுற்று அசையவே வேண்டாம், வெளிச்சம் சுவர் முழுவதும் ஓடும்.

சரி, ஊசியை நானோமீட்டர் நானோமீட்டராக நகர்த்துவது எப்படி? மோட்டாரால் முடியாது. பீசோ என்ற வகைப் பீங்கானைப் பயன்படுத்துகிறார்கள். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் அழுத்தினால் பொறி வருகிறதே, அதற்குள் இருப்பது இந்த வகைதான். அங்கே அழுத்தினால் மின்சாரம் வருகிறது. இங்கே மின்னழுத்தம் கொடுத்தால் பீங்கான் மயிரிழைக்கும் குறைவாக நீளுகிறது, சுருங்குகிறது.

முக்கியமான விஷயம் இனிதான் வருகிறது. ஊசியை அழுத்திக்கொண்டே இழுத்துப் போனால் மென்மையான பொருள் கிழிந்துவிடும். அதனால் கருவி ஒவ்வொரு கணமும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பட்டை அதிகம் வளைந்தால் ஊசியை உயர்த்துகிறது, குறைவாக வளைந்தால் இறக்குகிறது. தொடும் அழுத்தம் எப்போதும் ஒரே அளவு. எவ்வளவு உயர்த்தியது, எவ்வளவு இறக்கியது என்ற கணக்குதான் நீங்கள் பார்க்கும் படம்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் ஆகிய மூவர், 1986இல். அதற்கு முன் 1981இல் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் சூரிக் நகரில் உள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வருடு சுரங்க நுண்ணோக்கியைச் செய்திருந்தார்கள். ஊசிக்கும் பொருளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி அது. அதற்காக 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கிய எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கும் அதே ஆண்டு, அதே பரிசில் பங்கு.

சுரங்க நுண்ணோக்கியில் ஒரு குறை இருந்தது. மின்சாரம் கடத்தும் பொருளை மட்டும்தான் அது பார்க்கும். உயிர்ப்பொருள், பீங்கான், பிளாஸ்டிக் எதையும் நேராகப் பார்க்க முடியாது. மின்சாரத்துக்குப் பதில் விசையை அளந்தால் என்ன என்ற கேள்வியில் பிறந்ததுதான் ஏ.எஃப்.எம். முதல் கருவியில் தங்கத் தகட்டுப் பட்டையின் நுனியில் ஒரு வைரச் சில்லை ஒட்டியிருந்தார்கள். மூவருக்கும் 2016இல் நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசு கிடைத்தது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும்போது இது எதற்கு?

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் பெரும்பாலும் வெற்றிடம் வேண்டும். சாம்பிள் காய்ந்திருக்க வேண்டும். மின்சாரம் கடத்தாததாக இருந்தால் மேலே தங்கம் பூச வேண்டும். ஏ.எஃப்.எம். காற்றிலும் வேலை செய்யும், தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும். உயிரியல் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதும். இன்னொன்று, உயரத்தை நேரடியாக எண்ணாகத் தரும். எவ்வளவு கெட்டி, எவ்வளவு ஒட்டும் என்பதையும் அளந்து சொல்லும்.

ஆனால் இது அகலமாகப் பார்க்காது. அதிகபட்சம் 100 மைக்ரோமீட்டருக்கு 100 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு குண்டூசி முனைப் பரப்புதான். உயரமும் பத்து மைக்ரோமீட்டர் போல இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கரடுமுரடான பொருளுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கே போங்கள். அதைச் சொல்ல எனக்கு வருத்தமில்லை.

அணுவைப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் எங்கள் கூடத்துக்கு வந்து துளசிச் சாற்றில் நீங்கள் செய்த வெள்ளித் துகள் சாம்பிளில் பார்க்க முடியாது. மிகத் தூய பரப்பு, வெற்றிடம், பெரும்பாலும் கடுங்குளிர் எல்லாம் வேண்டும். 2009இல் சூரிக் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் லியோ கிராஸ் குழுவினர் ஊசியின் நுனியில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறைப் பிடித்து வைத்துக்கொண்டு, பென்டசீன் மூலக்கூறைத் தடவிப் பார்த்தார்கள். ஐந்து அறுகோணங்கள் வரிசையாக ஒட்டியபடி, பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது போலவே படத்தில் வந்தது. அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று நான் வெகுநேரம் திரையை விட்டு எழவில்லை. கரும்பலகையில் சாக்பீஸால் எத்தனை தடவை வரைந்த வடிவம் அது!

‘டேப்பிங் மோடு’ என்கிறீர்களே, அது என்ன?

தட்டிப் பார்ப்பது. பலாப்பழம் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம், பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம். இங்கே பட்டையை அதன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடவிடுகிறோம். காற்றில் பயன்படுத்தும் கெட்டியான பட்டைகள் வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் தடவை ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அடியில் வரும்போது மட்டும் பரப்பை லேசாகத் தொட்டுவிட்டு எழும். பக்கவாட்டில் இழுபடாததால் டி.என்.ஏ., புரதம் போன்றவை இடம் பெயராமல் அப்படியே இருக்கும்.

வீணைத் தந்தியில் துளி மெழுகு ஒட்டினாலும் சுதி இறங்கும். இந்தப் பட்டையும் அப்படித்தான். பரப்பு மென்மையா, கெட்டியா, ஒட்டுகிறதா என்பதற்கேற்ப ஆட்டம் பிந்தும் அல்லது முந்தும். அந்த வித்தியாசத்தையும் தனிப் படமாக எடுக்கலாம். உயரப் படத்தில் ஒரே சமதளமாகத் தெரியும் பிளாஸ்டிக் கலவை, அந்தப் படத்தில் திட்டுத் திட்டாகப் பிரிந்து தெரியும்.

சாம்பிளை எப்படித் தயாரிப்பது?

எல்லாரும் கருவியைப் பற்றியே கேட்கிறார்கள். நல்ல படத்தில் முக்கால் பங்கு சாம்பிள் தயாரிப்பில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வேண்டியது சமமான தளம். பத்து நானோமீட்டர் உயரமுள்ள துகளை ஐம்பது நானோமீட்டர் மேடு பள்ளம் உள்ள கண்ணாடியில் வைத்தால் எங்கே தேடுவது? உழுது போட்ட வயலில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவது போலத்தான். அதனால் மைக்காவைப் பயன்படுத்துகிறோம். நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்வோமே, அதுவேதான். வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரியும். செல்லோ டேப்பை மேலே ஒட்டி, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து, ஓரத்திலிருந்து நிதானமாக இழுக்க வேண்டும். டேப்பில் முழு வட்டமாக ஒரு சருகு ஒட்டி வந்தால் சரி. பாதியில் கிழிந்து பிறைநிலா மாதிரி வந்தால் மறுபடியும் உரியுங்கள். உரித்த பரப்பு அணு அளவில் சமமாக இருக்கும். உரித்த உடனே பயன்படுத்துங்கள். மூச்சுக்காற்று பட விடாதீர்கள்.

டி.என்.ஏ.வை மைக்காவில் ஒட்ட வைக்க ஒரு தந்திரம் வேண்டும். இரண்டுக்கும் எதிர்மின் சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். கரைசலில் கொஞ்சம் மெக்னீசியம் உப்பு அல்லது நிக்கல் உப்பு சேர்த்தால், அந்த அயனிகள் நடுவில் நின்று இரண்டையும் கைகோக்க வைக்கும். சில நிமிடம் விட்டு, தூய நீரில் கழுவி, நைட்ரஜன் காற்றால் உலர்த்தினால் நூல் நூலாக டி.என்.ஏ. தெரியும்.

இலைச் சாற்றில் வெள்ளித் துகள் செய்து கொண்டுவருகிற மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. துளசி, வேம்பு, ஆவாரை எதுவானாலும் சாற்றில் இருக்கும் பசையும் சர்க்கரையும் உலர்ந்ததும் துகளின் மேல் பாகு காய்ச்சி ஊற்றியது மாதிரி படிந்துவிடும். படத்தில் துகள் தெரியாது, பாகுதான் தெரியும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல் நீரைக் கொட்டி, தூய நீர் விட்டு மறுபடி சுற்றி, குறைந்தது மூன்று நான்கு தடவை கழுவுங்கள். அப்புறம் நன்றாக நீர்க்கச் செய்யுங்கள். கரைசல் நிறமே தெரியாத அளவுக்கு இருந்தால்தான் துகள்கள் தனித்தனியாக உட்காரும்.

முதன்முதலாகப் பழகுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் பாடம் கோழிக்கால். கறிக்கடையில் தூக்கிப் போடும் காலிலிருந்து வெள்ளை வெளேரென்று வரும் தசைநாணில் ஒரு நாரைப் பிரித்து, கண்ணாடியில் ஈரத்தோடு தேய்த்துப் பரப்பிக் காய வைக்க வேண்டும். அதில் இருப்பது கொலாஜன் இழைகள். ஒவ்வோர் இழையிலும் 67 நானோமீட்டருக்கு ஒரு வரி, பனைமரத்துத் தழும்பு மாதிரி அடுக்கடுக்காக வரும். அது தெளிவாக வந்துவிட்டால் கருவியும் கையும் ஒத்துப்போய்விட்டன என்று அர்த்தம்.

உயிருள்ள செல்லை ஊசியால் தொட்டால் செத்துப்போகாதா?

தொடுகிற அழுத்தத்தைப் பொறுத்தது. உயிர்ப்பொருளுக்கு மிக மென்மையான பட்டைகள் இருக்கின்றன. விசையைப் பிகோநியூட்டன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒரு சிவப்பணுவின் எடை ஏறக்குறைய 1 பிகோநியூட்டன் என்று நினைத்துக்கொண்டால் அளவு புரியும். சத்து நீருக்குள், 37 டிகிரி வெப்பத்தில் வைத்துத் தொட்டால் செல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஜப்பானில் கனசாவா பல்கலைக்கழகத்தில் தோஷியோ ஆன்டோ குழுவினர் இந்தக் கருவியை வினாடிக்குப் பல படம் எடுக்கும் வேகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2010இல் மயோசின் என்ற புரதம் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் இழை மேல் நடந்துபோவதை நேரடியாகக் காட்டினார்கள். ஒரு கால் மாற்றி ஒரு கால், அடிக்கு 36 நானோமீட்டர். நம் செல்களுக்குள் சுமை தூக்கிப் போகும் புரதம் அது. வரப்பில் நெல்லுக்கட்டு சுமந்து நடக்கிறவர் மாதிரியேதான் அது நடக்கிறது.

புற்றுநோயை இதில் கண்டுபிடிக்கலாமா?

ஒருவர் தன் அக்காவின் ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நேராக எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டார். எங்கோ படித்திருக்கிறார். அவர் படித்தது பொய் இல்லை. 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து எடுத்த செல்களைத் தொட்டுப் பார்த்தபோது, பரவும் தன்மை கொண்ட புற்றுச்செல்கள் நல்ல செல்களைவிட 70 சதவீதத்துக்கும் அதிகமாக மென்மையாக இருந்தன. சாதாரண நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் தொட்டால் வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் அது ஆராய்ச்சி, உங்கள் வீட்டு நோயாளிக்கான பரிசோதனை அன்று. செல்லின் மென்மை எந்த இடத்தில் தொடுகிறோம், எவ்வளவு வேகமாகத் தொடுகிறோம், எந்தத் தளத்தில் செல் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கெல்லாம் மாறும். பயாப்ஸிதான் முடிவு சொல்லும். தயவுசெய்து டாக்டர் குறித்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள். அவரிடமும் அதைத்தான் சொன்னேன். மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினேன்.

ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்து இழுக்கலாம் என்கிறார்களே?

இழுக்கலாம். எனக்கு இந்தக் கருவி செய்கிற வேலைகளிலேயே ரொம்பப் பிடித்தது இது. படமே எடுக்காமல் ஊசியைக் கீழே இறக்கி, ஒரு புரதத்தின் முனை ஊசியில் ஒட்டியதும் மெல்ல மேலே இழுக்க வேண்டும். நம் தசையில் டைட்டின் என்ற நீளமான புரதம் இருக்கிறது. சுருட்டிச் சுருட்டி வைத்த உருண்டைகளை வரிசையாகக் கோத்த மாதிரி அதன் அமைப்பு. 1997இல் ஜெர்மனியில் ஹெர்மன் கவுப் குழுவினர் அதை இழுத்துப் பார்த்தார்கள்.

பூக்கட்டும் வாழைநாரில் உருவு முடிச்சுகள் வரிசையாகப் போட்டு இரண்டு முனையையும் இழுத்துப் பாருங்கள். கை இறுகும், ‘பட்’டென்று ஒரு முடிச்சு அவிழும், நார் தளரும். மறுபடி இறுகும், அடுத்தது அவிழும். டைட்டினும் அப்படியேதான் அவிழ்ந்தது. வரைபடத்தில் ரம்பப் பல் மாதிரி ஏற்றமும் சட்டென்ற இறக்கமும். ஒவ்வோர் உருண்டையும் அவிழ 150 முதல் 300 பிகோநியூட்டன் வரை விசை. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 25 முதல் 28 நானோமீட்டர். ஒரு மூலக்கூறின் இழுவையைக் கையால் உணர்ந்த மாதிரி இருக்கும் அந்தக் கோடு.

என் வயல் களிமண்ணை இதில் பார்க்கலாமா?

பார்க்கலாம், நிறையத் தெரியும். காவிரி வண்டலில் பல இடங்களில் ஸ்மெக்டைட் வகைக் களி அதிகம். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வயல் வெடிக்கிறதே, தண்ணீர் வந்ததும் வெடிப்பு மூடிக்கொள்கிறதே, அதற்குக் காரணம் இந்தக் களிதான். ஒரு சிட்டிகை மண்ணை நிறையத் தண்ணீரில் கலக்கி, கனமானவை அடியில் தங்கவிட்டு, மேலே நிற்கும் கலங்கல் நீரில் ஒரு சொட்டை இன்னும் நீர்த்து மைக்காவில் விட்டோம். வந்த படத்தில் கிழித்துப் போட்ட வாழையிலைத் துண்டுகள் மாதிரி தகடுகள் கிடந்தன. அகலம் சில நூறு நானோமீட்டர். உயரம் வெறும் 1 நானோமீட்டர்.

அந்தத் தகடுகளுக்கு நடுவில்தான் தண்ணீர் புகுந்து அவற்றைப் பிரிக்கிறது, மண் உப்புகிறது. வெயிலில் தண்ணீர் போனதும் தகடுகள் நெருங்குகின்றன, வயல் வெடிக்கிறது. இவ்வளவு மெல்லிய தகடுகள் என்பதால் பரப்பும் மிக அதிகம். தூய ஸ்மெக்டைட் ஒரு கிராமில் எல்லாத் தகடுகளின் பரப்பையும் கூட்டினால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் நிலக் கணக்கில் அரை மாவுக்கு மேல் (ஒரு மா என்பது ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு). ஒரு சிட்டிகைக்குள் அரை மா நிலம்! உரமும் ஈரமும் அந்தப் பரப்பில்தான் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஆனால் எந்த உரம் போடலாம் என்று இந்தப் படம் சொல்லாது. அதற்கு மண் பரிசோதனை நிலையம்தான்.

நெல் இலையிலும் தாமரை இலையிலும் தண்ணீர் ஒட்டுவதில்லையே, அதைப் பார்க்கலாமா?

தாமரை இலையில் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள மொட்டுகள், அவற்றின் மேல் நானோ அளவில் மெழுகுக் குழல்கள். இரண்டும் சேர்ந்து நீர்த்துளியைக் காற்றின் மேல் தூக்கி வைத்துவிடுகின்றன. மொட்டுகளின் உயரம் ஏ.எஃப்.எம்.முக்குத் தொல்லை, அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி மேல். மொட்டுகளுக்கு இடைப்பட்ட மெழுகை வேண்டுமானால் நாம் பார்க்கலாம்.

நெல் இலை இன்னும் அழகு. அதில் மொட்டுகள் இலையின் நீளவாக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. அதனால் பனித்துளி நீளவாக்கில் எளிதாக உருளும், குறுக்கே உருளத் தயங்கும். மார்கழிக் காலையில் வரப்பில் நின்று ஓர் இலையைச் சாய்த்துப் பாருங்கள், கருவியே வேண்டாம்.

எங்கள் ரைஸ்மில்லில் உமிச் சாம்பல் மலையாகக் கிடக்கிறது. அதில் நானோ சிலிக்கா இருக்கிறதா?

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். ஆக டன் நெல்லுக்கு நாற்பது கிலோ போலச் சாம்பல், நல்ல சரக்கு.

ஆனால் பாய்லர் எவ்வளவு சூடு என்பதில்தான் விஷயம். 700 டிகிரிக்குள் எரிந்தால் சிலிக்கா ஒழுங்கில்லாத கண்ணாடி போல இருக்கும், சிமென்ட்டோடு நன்றாக வினைபுரியும். அதற்கு மேல் போகப் போகப் படிகமாகிச் சோம்பிவிடும். சாம்பல் கறுப்பாக இருந்தால் கரி எரியாமல் தங்கியிருக்கிறது. படிகமா இல்லையா என்று ஏ.எஃப்.எம். சொல்லாது. முதலில் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் சோதனை செய்யுங்கள், செலவும் குறைவு. சாம்பலிலிருந்து சிலிக்காவைக் கரைத்துப் பிரித்துத் துகளாக்கிய பிறகு, அளவு பார்க்க என்னிடம் வாருங்கள்.

சுவாமிமலைச் சிலை ஒன்று வீட்டில் இருக்கிறது. எத்தனை வருடம் பழையது என்று சொல்வீர்களா?

சொல்ல முடியாது. வயதும் தெரியாது, எந்த உலோகம் எவ்வளவு என்பதும் இதில் தெரியாது.

படத்தில் வருவதெல்லாம் உண்மையா?

இல்லை. இதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த படத்தை எடுக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் கட்டாயமாகச் சொல்வேன்.

நான் பழக ஆரம்பித்த முதல் வருடம். வெள்ளித் துகள் சாம்பிள் ஒன்றில் எல்லாத் துகளும் முக்கோணமாக வந்தன. அப்போது வெள்ளி முக்கோணத் துகள்கள் மேல் எல்லோருக்கும் ஆர்வம். இரவோடு இரவாக நாற்பது படம் எடுத்தேன், வழிகாட்டிக்கு அனுப்பினேன், கருத்தரங்குக்குச் சுருக்கம்கூட எழுதிவிட்டேன். கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஏம்மா, எல்லா முக்கோணமும் ஒரே பக்கம் திரும்பியிருக்கே?” என்றார். அப்போதுதான் உறைத்தது. சாம்பிளில் முக்கோணம் இல்லை. ஊசியின் முனை உடைந்து முக்கோணமாகியிருந்தது. உருண்டைத் துகள் ஒவ்வொன்றும் உடைந்த ஊசியின் வடிவத்தைத்தான் எனக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறது. சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

தொடும்போது பொருளும் ஊசியும் சேர்ந்துதான் படமாகின்றன. எனவே சாம்பிளைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து மறுபடி எடுங்கள். வடிவமும் கூடவே திரும்பினால் அது சாம்பிளுடையது, திரும்பாவிட்டால் ஊசியுடையது. எல்லாமே இரண்டிரண்டாக வந்தால் ஊசிக்கு இரண்டு முனை. அகலத்தை நம்பாதீர்கள், உயரத்தை நம்புங்கள். டி.என்.ஏ.வின் விட்டம் 2 நானோமீட்டர், ஆனால் படத்தில் பத்துக்கு மேல் அகலமாக வரும், ஊசியின் பருமனும் சேர்ந்துகொள்வதால். கட்டைவிரலால் கடுகைத் தடவினால் கடுகின் அகலம் எப்படித் தெரியும்? உயரத்திலும் எச்சரிக்கை வேண்டும். காய்ந்த டி.என்.ஏ. அழுத்தத்தில் அமுங்கி 2 நானோமீட்டரைவிடக் குறைவாகவே காட்டும்.

மழைக்காலத்தில் வராதே என்கிறீர்களே, ஏன்?

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது நம் ஊர்ப் பேச்சு. அந்த இரண்டு மாதமும் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். எல்லாப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் படிந்துவிடும். ஊசி அருகில் போனதும் அந்த நீர் எழும்பி ஊசியைக் கவ்விக்கொள்ளும், ஈரமான இரண்டு கண்ணாடித் தட்டு ஒட்டிக்கொள்கிற மாதிரி. இழுத்தால் ‘சடக்’கென்று விடும். படமெல்லாம் கோடு கோடாக வரும். சாம்பிளை ஈரம் உறிஞ்சும் உலர்காப்புப் பெட்டியில் வைத்து, அறையின் ஈரப்பதத்தைக் குறைத்து எடுக்கலாம், நேரம் பிடிக்கும். தண்ணீருக்குள்ளேயே எடுக்கும் உயிரியல் வேலைக்கு இந்தத் தொல்லை இல்லை, முழுகியவனுக்குச் சாரல் ஒன்றும் செய்யாதே.

அதிர்வும் ஒரு பகை. கருவி கனமான கருங்கல் பலகையில், அதிர்வு தாங்கிகளின் மேல் இருக்கிறது. அப்படியும் தை மாதத்தில் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் அறுவடை மெஷின் இறங்கினால் படத்தில் அலை அடிக்கும். முக்கியமான வேலைகளை நான் இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு நேரம் ஆகும்? எவ்வளவு செலவாகும்?

ஒரு படத்தில் 512 வரி, வினாடிக்கு ஒரு வரி என்றால் எட்டரை நிமிடம். ஆனால் ஒரு நல்ல இடம் தேடிப்பிடிக்க அரை நாள் போய்விடும். ஊசி ஒன்று சில ஆயிரம் ரூபாய். ஒரு தவறான இறக்கத்தில் உடையும். அதனால்தான் தூசி படிந்த சாம்பிளைக் கண்டால் நான் முகம் சுளிக்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

எங்கள் கல்லூரியில் இந்தக் கருவி இல்லை. எங்கே போவது?

மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் நாடு முழுவதும் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் கருவி வெளியாருக்குக் கிடைக்கும் என்று தேடலாம், அங்கேயே பதிவும் செய்யலாம். போகும்போது “படம் எடுத்துக் கொடுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொண்டு போங்கள். துகளின் உயரமா, பரப்பின் சொரசொரப்பா, செல்லின் மென்மையா? இயக்குகிறவர் அதைப் பார்த்துத்தான் எந்த ஊசி, எந்த முறை என்று தேர்ந்தெடுப்பார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் செய்து காட்டுவது?

ஹேக்சா பிளேடு ஒன்று போதும். மேசை ஓரத்தில் இறுகப் பிடித்து 15 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். நுனியின் மேல்பக்கம் சிறு கண்ணாடித் துண்டு, கீழ்ப்பக்கம் ஒரு குண்டூசி. லேசர் பாயின்டரை ஸ்டாண்டில் கட்டிக் கண்ணாடியில் விழச் செய்து, ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் புள்ளியைக் கொண்டுவாருங்கள். யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுனி 1 மில்லிமீட்டர் உயர்ந்தால் சுவரில் புள்ளி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நகரும். நூறு மடங்கு.

திருவையாற்றுப் பக்கம் ஒரு பள்ளியில் அட்டையில் அரிசிமணிகளை ஒட்டி ஊசிக்கடியில் நகர்த்தினோம். ஒவ்வொரு மணிக்கும் புள்ளி சுவரில் ஒரு சாண் எகிறியது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அப்புறம் ஒரு தாள் வைத்தோம், ஒரு சென்டிமீட்டர். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, அட்டையில் குறுக்கே ஒட்டிக் கொண்டுவந்தாள். நகர்த்தினோம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிவப்புப் புள்ளி துளி எழுந்து இறங்கியது. அவள் ஓடிப்போய் சுவரில் இரண்டு இடத்தையும் பென்சிலால் குறித்து, ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏழு மில்லிமீட்டர் டீச்சர்.”